தண்ணிச்சிட்டின் சீட்டு

செத்துப்போன பறவைகளின் காலில் பெயர்ச்சீட்டு கட்டுவது ஓர் உத்தியோகம் என்று சொன்னால் எங்கள் தெருவில் பாதிப்பேர் நம்பமாட்டார்கள். மீதிப்பேர், "அதுக்குச் சம்பளம் வேற குடுக்கறாங்களா?" என்று கேட்பார்கள். கொடுக்கிறார்கள். ஆனால் தற்காலிகச் சம்பளம். சீட்டக்கா பதினோரு வருஷமாகத் தற்காலிகமாகவே மியூசியத்தின் இரண்டாம் மாடியில், ஜன்னலைப் பலகை வைத்து அடைத்த ஓர் அறையில் உட்கார்ந்து சீட்டு எழுதிக் கட்டிக்கொண்டிருந்தாள். தற்காலிகம் என்ற சொல் அவ்வளவு நீளும் என்பதை அவளைப் பார்த்துத்தான் நாங்கள் தெரிந்துகொண்டோம். அவளுக்குச் சொந்தப் பெயர் ஒன்று இருந்தது. அது சம்பளப் பட்டியலில் மட்டும் உயிரோடிருந்தது.

அந்த அறை முழுக்க இரும்பு அலமாரிகள். அலமாரி முழுக்க இழுப்பறைத் தட்டுகள். தட்டு முழுக்கப் பறவைகள். உள்ளே பஞ்சு அடைத்து, கண் இருந்த இடத்தில் வெள்ளையாகப் பஞ்சு எட்டிப் பார்க்க, இறக்கையை உடம்போடு ஒட்டிக்கொண்டு, பெரிய டாக்டர் சுற்றிவரும் நேரத்து நோயாளிகள் மாதிரி அடக்கமாக மல்லாந்து கிடக்கும். ஒவ்வொன்றின் காலிலும் ஒரு சீட்டு. என்ன பறவை, எங்கே பிடித்தது, யார் சொன்ன பெயர் எல்லாம் அதில் இருக்கும். பறவையைவிடச் சீட்டுக்குத்தான் அங்கே மரியாதை. சீட்டு இல்லாவிட்டால் அது தலையணைக்குக்கூடக் காணாத ஒரு பிடி இறகு.

பழைய சீட்டுகள் பழுத்து, நூல் இற்று, தொட்டால் உதிரும் நிலைக்கு வந்துவிட்டன. அவற்றை அவிழ்த்து, எழுதியிருப்பதைப் புது அட்டையில் நகலெடுத்து, பழையதையும் புதியதையும் சேர்த்துப் புது நூலால் கட்டவேண்டும். சீட்டக்காவின் கையெழுத்து அச்சடித்தது போலிருக்கும். அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு. சுவரில் கண்காணிப்பாளர் தம் கைப்பட எழுதி ஒட்டிய இரண்டு வரிகள்: "ஒரு நேரத்தில் ஒரு பறவை. விசிறி போடக் கூடாது."

கண்காணிப்பாளரை எல்லோரும் முதுகுக்குப் பின்னால் 'பூட்டு' என்பார்கள். எதைக் கண்டாலும் பூட்டுகிற மனிதர். டீத்தூள் டப்பாவுக்கும் பூட்டு, மழைக்கோட்டு மாட்டும் அலமாரிக்கும் பூட்டு. சீட்டக்காவை நிரந்தரமாக்கும் உத்தரவுகூட மூன்று மாதமாக அவருடைய மேஜை இழுப்பறைக்குள் பூட்டப்பட்டுத்தான் கிடந்தது. கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. "அந்த ஆராய்ச்சியாளர் வந்துட்டுப் போகட்டும்மா. வேலை ஒழுங்கா இருக்குன்னு அவர் ஒரு வார்த்தை சொல்லட்டும். அன்னிக்கே போட்டுடறேன்" என்று சொல்லியிருந்தார்.

அந்த ஆராய்ச்சியாளர் மறுநாள் காலை வருவதாக இருந்தது. அவர் பார்க்க வருவது இரண்டே பறவைகளை.

இரண்டும் பாலைவனத்துப் பாடும் பறவைகள். ஒன்றின் பெயர் தண்ணிச்சிட்டு, மற்றதன் பெயர் வறட்டுச்சிட்டு. உள்ளங்கையில் அடங்கும் அளவு. இரண்டுக்கும் மணல் நிறம், இரண்டுக்கும் கழுத்தில் ஒரு சாம்பல் பட்டை. உயிரோடு இருக்கும்போது பாட்டு வேறு வேறாம். செத்தபிறகு பாடிக் காட்டச் சொல்லி யார் கேட்பது? மியூசியத்தில் ஒருகாலத்தில் இருபது இருபது இருந்தன. வண்டு தின்றது போக மிஞ்சியது வகைக்கு ஒன்று.

தண்ணிச்சிட்டின் காலில் சிவப்புச் சீட்டு. சிவப்பு என்றால் மூலப்பறவை என்று அர்த்தம். அதாவது உலகத்தில் எத்தனை தண்ணிச்சிட்டு பறந்தாலும் அந்தப் பெயருக்கு ஆதாரம் இந்த ஒன்றுதான். இதைப் போலிருந்தால் தண்ணிச்சிட்டு, இல்லாவிட்டால் இல்லை. பிடித்தவர் சீட்டிலேயே எழுதியிருந்தார்: "தண்ணிச்சிட்டு. ஊற்றுக்கு நூறடியில் பிடித்தது. வண்டிக்காரர்கள் சொன்ன பெயர். மாலையில் தண்ணீரை நோக்கிப் பறக்கும்." மற்றதன் வெள்ளைச் சீட்டில், "வறட்டுச்சிட்டு. இரண்டு நாள் நடை தூரத்துக்குத் தண்ணீர் இல்லை. இது தண்ணீரைத் தேடுவதில்லை" என்று இருந்தது.

இவ்வளவு சின்னப் பறவைக்கு இவ்வளவு பெரிய விசாரணை எதற்கு என்றால், பாலைவனச் சாலையில் தண்ணீர் லாரி ஓட்டுகிறவர்களுக்குச் சாலைத் துறை ஒரு கையேடு கொடுக்கும். வண்டி நின்றுபோனால் என்ன செய்வது, நிழலில் எப்படிப் படுப்பது, சாயங்காலம் எந்தப் பறவையின் பின்னால் நடந்தால் ஊற்று கிடைக்கும் என்றெல்லாம் அதில் இருக்கும். அந்தக் கையேட்டைப் புதிதாக அச்சடிக்கப் போகிறார்கள்; அதில் போடும் பறவைப் படத்தைச் சரிபார்க்கத்தான் ஆராய்ச்சியாளர் வருகிறார். புதிதாக நாற்பது ஓட்டுநர்களையும் எடுத்திருந்தார்கள். நாற்பது பேரும் மணலைக் கட்டட வேலையில் மட்டும் பார்த்தவர்கள்.

சீட்டக்காவின் புருஷனும் அந்தச் சாலையில் லாரி ஓட்டுகிறவர்தான். நான்கு வருஷத்துக்கு முன் வண்டி நின்றுபோய், தண்ணிச்சிட்டின் பின்னால் நடந்து உயிர் பிழைத்தார். அந்தக் கதையை எங்கள் தெருவில் கேட்காத காது இல்லை. முதலில் சொன்னபோது மூன்று மைல் நடந்தார். இப்போது பதினொன்று ஆகியிருக்கிறது. தூரம் எப்படியோ, ஆள் திரும்பி வந்தபோது உதடு இரண்டும் வெடித்து, நாக்கு கட்டையாகி, ஒரு வாரம் பேச்சு வரவில்லை என்பதை நாங்களே பார்த்தோம். அவர் வாயை அடைத்த ஒரே சம்பவம் அதுதான்.

சரி, நடந்ததற்கு வருவோம்.

மறுநாளுக்கு எல்லாம் தயாராக இருக்கவேண்டும் என்ற அவசரத்தில், பதினோரு வருஷத்தில் செய்யாத ஒன்றைச் சீட்டக்கா அன்று செய்தாள். இரண்டு பறவையின் சீட்டையும் ஒரே நேரத்தில் அவிழ்த்தாள். இரண்டுக்கும் நூல் இற்றுப்போயிருந்தது. ஒரே மூச்சில் முடித்துவிடலாம் என்று நினைத்தாள். தண்ணிச்சிட்டை இடதுபக்கம் வைத்தாள், வறட்டுச்சிட்டை வலதுபக்கம். அவரவர் பக்கத்தில் அவரவர் சீட்டு. புது அட்டை இரண்டையும் எழுதி முடித்தாள். நூலை எடுத்தாள். அப்போது தாழ்வாரத்தில் போன் அடித்தது.

கீழே டிக்கெட் ஜன்னலிலிருந்து நாத்தனார். புருஷனின் தங்கை. பார்வையாளர் வராத நேரங்களில், அதாவது பெரும்பாலான நேரங்களில், போனில் வாழ்பவள்.

"அண்ணி, உங்க பூட்டு இருக்காரே, புதுச் சட்டை வாங்கியிருக்காராம். நாளைக்கு வர்ற ஆளுக்காக. விலைச்சீட்டைக்கூடக் கிழிக்காம அலமாரியில வச்சுப் பூட்டியிருக்காராம்."

"வேலை இருக்குடி."

"இருங்க, இன்னும் கேளுங்க. அந்த ஆளு எங்க போனாலும் சட்டைப்பையில அளவுகோலோடதான் போவானாம். பொண்ணு பார்க்கப் போனப்பகூட மூக்கை அளந்தானாம். அளவுகோல்னே பேரு வச்சுட்டேன்."

"யாருடி உனக்குச் சொன்னது?"

"எனக்கு ஆளு இருக்கு."

இப்படிக் கால் மணி நேரம். தாழ்வாரத்து வெயிலில் நின்று கேட்டுவிட்டு, வேர்த்து விறுவிறுத்து அறைக்குள் வந்த சீட்டக்கா, வீட்டில் செய்வதுபோலக் கையை நீட்டி விசிறிச் சுவிட்சைத் தட்டினாள்.

தட்டிய கை சுவிட்சை விட்டு வருவதற்குள் அவளுக்கு நினைவு வந்துவிட்டது. ஆனால் விசிறிக்கு அவளைவிட அவசரம். சீட்டுகள் நான்கும் எழும்பி அலமாரிக்கு அடியில் போயின. பறவைகள் இரண்டும், பஞ்சு உடம்பல்லவா, மேஜைமேல் உருண்டு ஒன்றன்மேல் ஒன்று ஏறி, விளிம்புவரை போய் நின்றன. அணைத்தாள். விசிறி நிற்பதற்குள் இன்னொரு சுற்று உருண்டன.

எது இடதுபக்கம் இருந்தது?

அவள் அப்படியே நின்றாள். பிறகு குனிந்து, அலமாரிக்கு அடியிலிருந்து சீட்டுகளைப் பொறுக்கினாள். நான்கும் கிடைத்தன. ஆனால் சீட்டு கிடைத்து என்ன? இரண்டு பறவையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். அவையும் பஞ்சுக் கண்ணால் அவளைப் பார்த்தன. இறக்கையைப் பிளாஸ்டிக் ஸ்கேலால் அளந்தாள். ஒரே அளவு. வாலை அளந்தாள். ஒரு மயிரிழை வித்தியாசம். எது நீளமாக இருக்கவேண்டும் என்று யாருக்குத் தெரியும்? தையலைப் பார்த்தாள். இரண்டையும் தைத்தவர் ஒரே ஆள்தான். முகர்ந்துகூடப் பார்த்தாள். இரண்டிலும் பூச்சி உருண்டை வாசனை.

பிடித்தவரின் குறிப்புப் புத்தகம் பூட்டுசாரின் கண்ணாடி அலமாரியில் இருந்தது. சாவி அவர் இடுப்பில். "எதுக்கும்மா?" என்று ஒரு கேள்வி கேட்பார். அந்தக் கேள்விக்கு எதிரில் நின்று பொய் சொல்ல அவளுக்குத் தைரியம் கிடையாது. உண்மை சொல்ல அதைவிடக் கிடையாது. பதினோரு வருஷம். இழுப்பறைக்குள் ஒரே ஒரு கையெழுத்துக்காகக் காத்திருக்கும் தாள். அவர்கள் குடியிருந்த வீடும் மியூசியத்துக்குச் சொந்தமானது. வேலை போனால் வீடும் போகும்.

தாழ்வாரத்தில் செருப்புச் சத்தம் கேட்டது. பூட்டுசாரின் செருப்பு, ஒரு கால் கிறீச்சிடும். சீட்டக்காவின் விரல்கள் தானாக வேலை செய்தன. விளிம்புக்குப் பக்கத்தில் கிடந்ததை எடுத்தாள். இடதுபக்கத்திலிருந்து உருண்டதுதான் அதிக தூரம் போயிருக்கும் என்று மனதுக்குள் ஒரு கணக்குப் போட்டாள். காற்று கணக்குப் பார்த்தா அடித்தது? அதற்குச் சிவப்புச் சீட்டைக் கட்டினாள். மற்றதற்கு வெள்ளை. முடிச்சு இறுகியபோது கதவு திறந்தது.

"ஆச்சாம்மா?"

"ஆச்சு சார்."

"முகமெல்லாம் ஏன் இப்படி வேர்த்திருக்கு?"

"விசிறி இல்லல்ல சார்."

அவர் திருப்தியோடு சுவரில் ஒட்டிய தம் எழுத்தைப் பார்த்துவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலம் வீட்டில் அவள் தட்டைத் தொடவில்லை. நாத்தனார் டிக்கெட் ஜன்னலை மூடிவிட்டு வழக்கம்போல இங்கேயே வந்து உட்கார்ந்திருந்தாள். அண்ணன் வீட்டுச் சாப்பாடு எப்போதும் ருசி அதிகம்.

சீட்டக்கா மெதுவாக ஆரம்பித்தாள். "என்னங்க, அந்தத் தண்ணிச்சிட்டு... கையில வச்சுப் பார்த்தா எப்படிங்க அடையாளம் தெரியும்?"

"கையிலயா?" புருஷன் சிரித்தார். "நான் என்ன அதைப் பொரிச்சா தின்னேன்? அதோட பாட்டைக் கேட்கணும். சாயங்காலம் எந்தப் பக்கம் போகுதுன்னு பார்க்கணும். அன்னிக்கு வண்டி நின்னுச்சு பாரு, பன்னண்டு மைல்..."

"போன வாரம் பதினொண்ணுண்ணா" என்றாள் தங்கை.

"நடந்தது நீயா நானா?"

"சரி, ரெண்டையும் மாத்திப் புரிஞ்சுக்கிட்டா என்ன ஆகும்?" சீட்டக்காவின் குரல் அவளுக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது.

புருஷன் சாப்பிடுவதை நிறுத்தினார். எப்போதும் கதை சொல்லும்போது ஆடும் கை அப்போது ஆடவில்லை. "வறட்டுச்சிட்டு பின்னால போனவன் ஒருத்தனைப் பார்த்திருக்கேன். பார்த்தேன்னா, நாங்கதான் போய் எடுத்துட்டு வந்தோம். ரோட்டுக்கு எதிர்ப்பக்கமாவே நடந்திருக்கான். செருப்பு ரெண்டையும் கழட்டிப் பக்கத்துல ஒழுங்கா வச்சிருந்தான். வீட்டு வாசல்ல விடுறமாதிரி." தண்ணீர் குடித்தார். "ஏன் கேக்கறே?"

"சும்மாதான்."

லாரியில் வைத்திருக்கும் பழைய கையேட்டை வாங்கிப் புரட்டினாள். பறவைப் பக்கத்தில் அச்சு மசி பரவி, தண்ணிச்சிட்டும் வறட்டுச்சிட்டும் இரண்டு உருளைக்கிழங்குகள் போல இருந்தன. கால் எங்கே, வால் எங்கே என்றுகூடச் சொல்ல முடியவில்லை. "அந்தப் படத்தை நம்பி யாரு போறா? புதுசு வருதாம்ல, நல்ல படமாப் போட்டு. பாவம், புதுப் பசங்க அதைத்தான் நம்பணும்" என்றார் புருஷன்.

நாத்தனார் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அண்ணி, உங்களுக்கு உடம்புக்கு ஏதாவதா? பேயைப் பார்த்தவங்க மாதிரி இருக்கீங்க."

"உன்னைத்தான் பார்க்கறேன்" என்றாள் சீட்டக்கா. அந்தச் சமயத்திலும் அவளுக்கு வாய் இருந்தது. 

பாதிக்குப் பாதி, என்று அவள் தனக்குள் சொல்லிக்கொண்டாள். சரியாகவே கட்டியிருக்கலாம். பூவா தலையா போட்டால் பூ விழுவதில்லையா? விழுந்திருக்கும். ஆனால் கண்ணை மூடினால் ஒழுங்காகக் கழற்றி வைத்த இரண்டு செருப்பு தெரிந்தது.

மறுநாள் காலை அளவுகோல் வந்தார். நாத்தனார் வைத்த பெயர் பொருத்தம்தான். சட்டைப்பையில் உண்மையிலேயே ஓர் எஃகு அளவுகோல் நீட்டிக்கொண்டிருந்தது. ஆனால் மூக்கு அளக்கிற ஆளாகத் தெரியவில்லை. சாதுவான, மெல்லிய குரலில் பேசும் மனிதர். கையில் ஒரு பெரிய அட்டைப்பை. பூட்டுசார் புதுச் சட்டையில் விறைப்பாக நின்றார். காலரில் விலைச்சீட்டு இன்னும் தொங்கியது. அதைச் சொல்லும் நிலையில் சீட்டக்கா இல்லை. மற்ற யாரும் சொல்லும் தைரியத்தில் இல்லை. பூட்டுசாரின் அக்குளில் ஒரு கோப்பு இருந்தது. அது என்ன கோப்பு என்று அவளுக்குத் தெரியும்.

தட்டை இழுத்து வைத்தாள். 

அளவுகோல் முதலில் சீட்டுகளைப் படித்தார். "யார் எழுத்து இது?"

"நான்தாங்க."

"அம்மா, இந்த மாதிரி எழுத்தைப் பார்த்து வருஷக்கணக்காச்சு." பூட்டுசார் கோப்பைத் தட்டிக்கொடுத்தார், குழந்தையைத் தட்டுவதுபோல. 

அவர் சிவப்புச் சீட்டுப் பறவையை எடுத்தார். இறக்கை, வால், அலகு. ஒவ்வொன்றாக அளந்து குறித்தார். பிறகு காலைத் திருப்பி, பின்விரல் நகத்தில் அளவுகோலை வைத்தார். புருவம் சுருங்கியது. மறுபடி வைத்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மூன்றாம் முறையும் வைத்தார்.

அறையில் யாரும் மூச்சு விடவில்லை. சீட்டக்காவுக்கு விட மூச்சே இல்லை.

அட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். பழைய கையேட்டுக்காக ஐம்பது வருஷத்துக்கு முன்னால் இதே அறையில், இதே இரண்டு பறவைகளைப் பார்த்துக் கையால் வரைந்த மூலப்படம். மசி பரவாத படம். இறகு இறகாகத் தெரிந்தது. தண்ணிச்சிட்டுக்குக் கீழே பின்விரல் நகம் தூண்டில் மாதிரி நீண்டு வளைந்திருந்தது. வறட்டுச்சிட்டுக்குக் குட்டை நகம்.

அவர் கையிலிருந்த சிவப்புச் சீட்டுப் பறவைக்கும் குட்டை நகம்.

சீட்டக்காவுக்கு ஒரு நொடிதான் ஆயிற்று. தப்பாகக் கட்டிவிட்டோம். பூ விழவில்லை, தலை விழுந்துவிட்டது. இனி அவர் நிமிர்வார், என்னைப் பார்ப்பார், கேட்பார். அவள் அலமாரியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள்.

அளவுகோல் நிமிர்ந்தார். முகம் முழுக்கச் சந்தோஷம்.

"சார்! ஐம்பது வருஷமாத் தப்பா வரைஞ்சிருக்காங்க சார்!"

"எது?" என்றார் பூட்டுசார்.

"படம் போட்டவர் ரெண்டையும் மாத்திட்டார். இங்க பாருங்க. மூலப்பறவைக்குக் குட்டை நகம். அப்போ தண்ணிச்சிட்டுன்னா குட்டை நகம்தான். நீள நகம் இருக்கே, அதுதான் வறட்டுச்சிட்டு. எல்லாப் புத்தகத்தையும் மாத்தணும். நல்லவேளை, கையேடு இன்னும் அச்சுக்குப் போகலை!"

"படம் தப்புன்னு உறுதியாச் சொல்லலாமா?"

"படம் யாரோ ஒருத்தர் கண்ணால பார்த்துப் போட்டது. சீட்டு, பறவையைப் பிடிச்சவரே கட்டினது. ரெண்டும் முட்டிக்கிட்டா சீட்டு சொல்றதுதான் சார் சட்டம்."

பூட்டுசாருக்கு மார்பு அரை அங்குலம் விரிந்தது. புதுச் சட்டையின் பொத்தான் தாங்கியது பெரிய விஷயம். "எங்க மியூசியத்துலதான் கண்டுபிடிச்சதுன்னு போடுவீங்கல்ல?"

"கண்டிப்பா. உங்க பராமரிப்பைப் பத்தியும் எழுதுவேன். இந்த அம்மாவோட வேலையைப் பத்தியும்."

"கேட்டியாம்மா?" பூட்டுசார் கோப்பைத் திறந்து மேஜைமேல் வைத்தார். சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார். மூன்று மாதமாகப் பூட்டிக் கிடந்த தாள் சீட்டக்காவின் கண்ணுக்கு முன்னால், கைக்கெட்டும் தூரத்தில். அவளுடைய சொந்தப் பெயர் முழுசாக, முதலெழுத்தோடு அதில் அச்சாகியிருந்தது.

இதுவரை அவள் பயந்தது மாட்டிக்கொள்வோமே என்று. இப்போது வந்த பயம் வேறு. யாரும் அவளைப் பிடிக்கப்போவதில்லை. வாயைத் திறக்காமல் நின்றால் போதும். வேலை நிரந்தரம், வீடு நிரந்தரம், புத்தகத்தில் பாராட்டு. அடுத்த மாதம் நாற்பது பேர் குட்டை நகத்துப் பறவையின் படத்தைப் பார்த்து மனப்பாடம் பண்ணிக்கொண்டு மணலுக்குள் போவார்கள். அவர்களில் எவனோ ஒருவனின் வண்டி நிற்கும்.

"அம்மா, நீங்களே எழுதிடுங்களேன்" என்று அளவுகோல் ஒரு புது அட்டையை நீட்டினார். "உங்க எழுத்துலயே இருக்கட்டும். தண்ணிச்சிட்டு. அடையாளம்: குட்டை நகம்."

அவள் பேனாவை வாங்கினாள். 'தண்ணி' என்று எழுதினாள். கோணலாக விழுந்தது. பதினோரு வருஷத்தில் அவள் எழுதிய முதல் கோணல் எழுத்து.

"சார்" என்றாள். பூட்டுசாரின் பேனாமுனை தாளைத் தொட்டிருந்தது. "சார், கையெழுத்துப் போடாதீங்க."

"என்னது?"

"நேத்து ரெண்டு சீட்டையும் ஒண்ணா அவுத்துட்டேன் சார். விசிறி போட்டுட்டேன். பறந்து... எது எதுன்னு தெரியாமக் கட்டிட்டேன். படம் போட்டவர் சரியாத்தான் போட்டிருக்கார். நான்தான்..."  நாக்கு கட்டையாகிவிட்டது.

பூட்டுசார் அவளைப் பார்த்தார். அவருக்குக் கோபம் வந்தால் குரல் உயராது, தாழும். "விசிறியா?" என்றார், ஏறக்குறைய ரகசியமாக. பறவை மாறிப்போனதைவிட விசிறிதான் அவரை அதிகம் குத்தியது போலிருந்தது. "சுவத்துல எழுதி ஒட்டியிருக்கேனே. உன் கண்ணுக்கு நேரா. விசிறியா போட்டே?"

"ஆமாம் சார்."

"யார்கிட்டயாவது சொன்னியா?"

"இல்ல சார்."

"நேத்தே என்கிட்ட ஏன் சொல்லலை?"

"பயமா இருந்துச்சு சார்."

"இப்போ பயமா இல்லையா?"

"இப்போ இன்னும் ஜாஸ்தியா இருக்கு சார்."

அளவுகோல் வெள்ளைச் சீட்டுப் பறவையை எடுத்துத் திருப்பினார். நீண்டு வளைந்த நகம். அளந்தார். படத்தோடு வைத்துப் பார்த்தார். அலமாரியைத் திறக்கச் சொல்லிப் பிடித்தவரின் குறிப்புப் புத்தகத்தையும் பார்த்தார். நகத்தைப் பற்றி அதில் ஒரு வரி இல்லை. கடைசியில் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அவருடைய கண்டுபிடிப்புக்கு வயது பத்து நிமிஷம். அதற்குள் இறந்துவிட்டது. மனிதர் அதற்குத் துக்கம் கொண்டாட ஒரு நிமிஷம் எடுத்துக்கொண்டார்.

"இந்த அம்மா சொல்லலைன்னா நான் அச்சுக்கு அனுப்பியிருப்பேன் சார்" என்றார் பிறகு. "என் பேரைப் போட்டு. பெருமையா."

பூட்டுசார் பேனாவை மூடினார். கோப்பையும் மூடினார். அந்தச் சின்னச் சத்தம் சீட்டக்காவுக்கு எலும்பில் கேட்டது.

"இப்ப என்ன செய்யறது?" என்று அவர் ஆராய்ச்சியாளரைக் கேட்டார்.

"சீட்டை மாத்திக் கட்டணும். ஆனா சும்மா மாத்தக் கூடாது. பதிவேட்டுல எழுதணும். என்னிக்கு, எப்படிக் கலந்துச்சு, எதை வச்சுப் பிரிச்சோம்னு. இனி வர்ற எவனும் இந்தப் பறவையை எடுத்தா முதல்ல அதைப் படிக்கணும்."

பதிவேடு வந்தது. தோல் அட்டை போட்ட தடிமனான புத்தகம். மியூசியம் இருக்கும்வரை இருக்கும். பூட்டுசார் அதைத் திறந்து அவள் பக்கம் தள்ளினார். "நீயே எழுது."

அவள் எழுதினாள். முதல் இரண்டு வரி கோணல். மூன்றாவது வரியில் கை பழக்கத்துக்கு வந்துவிட்டது. அதுவே அவளுக்கு அவமானமாக இருந்தது. குற்றத்தைக்கூட இவ்வளவு அழகாகவா எழுதவேண்டும்? பாதியில் நிமிர்ந்தாள். "சார், போன் வந்ததையும் எழுதணுமா?"

"போனா? யாரு போன் பண்ணினா?"

சீட்டக்கா யோசித்தாள். நாத்தனாரின் வேலையும் தற்காலிகம்தான். தவிர, ஆயுள் முழுக்க ஒரே அடுப்பில் சாப்பிடவேண்டியவள். "வெளியிலேருந்து சார். தப்பான நம்பர்" என்றாள். அன்று அவள் சொன்ன ஒரே பொய் அது. பூட்டுசார் நம்பினாரா தெரியாது. கீழே ஜன்னலில் உட்கார்ந்திருப்பவள் தப்பான நம்பர் என்பதில் அவருக்கும் மாற்றுக் கருத்து இருந்திருக்காது.

எழுதி முடித்ததும் சீட்டுகளை அவிழ்த்தாள். இந்தமுறை பூட்டுசாரும் அளவுகோலும் இரண்டு பறவையையும் ஆளுக்கொன்றாகக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்கள், பிரசவ ஆஸ்பத்திரியில் குழந்தை மாறிவிடாமல் காவல் காக்கும் தகப்பன்மார் போல. சிவப்பு, நீள நகத்துக்கு. வெள்ளை, குட்டை நகத்துக்கு. முடிச்சைப் போட்டுவிட்டு இழுத்துப் பார்த்தாள். மறுபடி இழுத்துப் பார்த்தாள்.

அளவுகோல் கிளம்பும்போது அவளைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

பூட்டுசார் கோப்பை அக்குளில் வைத்துக்கொண்டு வாசல்வரை போனார். கிழித்துவிடுவாரா, பூட்டிவைப்பாரா? அவர் முதுகைப் பார்த்து எதுவும் தெரியவில்லை. அங்கே விலைச்சீட்டுதான் ஆடிக்கொண்டிருந்தது.

"நாளைக்கு எந்தத் தட்டு?" என்றார், திரும்பாமல்.

"ஆந்தைத் தட்டு சார்."

"எத்தனை?"

"முப்பத்தாறு சார்."

"ஒவ்வொண்ணா."

"ஒவ்வொண்ணா சார்."

செருப்புச் சத்தம் தாழ்வாரத்தில் கிறீச்சிட்டுக்கொண்டே போய், அவருடைய அறைக்குள் நுழைந்து, நின்றது. ஒரு பூட்டு திறந்தது. ஒரு பூட்டு மூடியது. 'நாளைக்கு' என்றால் நாளைக்கு மட்டும்தானா, அதற்கு மறுநாளும் உண்டா என்று கேட்க அவளுக்குத் தைரியம் வரவில்லை. தாழ்வாரத்தில் போன் அடித்தது. அவள் எடுக்கவில்லை. முப்பத்தாறு புது அட்டைகளை ஒவ்வொன்றாக எண்ணி மேஜைமேல் வைத்தாள்.